மூன்று கால் காவலாளி

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கியே தீருவது என்று முடிவு கட்டினேன். வானமே இடிந்து விழட்டும்!

என் தூக்கத்துக்கு எதிரிகள் இருவர். ஒன்று, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. மோட்டாரைப் போட்டால், நிரம்பிவிட்டதா என்று நான்தான் ஏணியில் ஏறி எட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, எங்கள் கைக்குழந்தை. ஞாயிறு மதியம் அவள் துணியை நனைத்தால் மாற்றுவது என் பொறுப்பு. அதை மட்டும் எப்படியோ சமாளித்து வந்தேன். "அவ அழவே இல்லையே! நனைஞ்சது எனக்கெப்படித் தெரியும்?" என்பேன். உண்மையிலேயே அவள் அழமாட்டாள். பொறுமைசாலி, அம்மா மாதிரி இல்லை.

மிச்சம் தொட்டிதான். ரேடியோ ரிப்பேர் கடைக்காரரை நச்சரித்து, சனிக்கிழமையே ஒரு கருவி செய்துவிட்டேன். ஒரு பேட்டரி, ஒரு பஸ்ஸர், மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டிரான்சிஸ்டர். சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"இதுக்கு மூணு கால். இந்த ஓரக்கால்லேருந்து அந்த ஓரக்காலுக்குப் பெரிய கரண்ட் போகணும். ஆனா நடுக்கால்ல துளியூண்டு கரண்ட் வந்தாத்தான் உள்ளே வழி திறக்கும்."

"அந்தத் துளியூண்டு எங்கேருந்து வரும்?"

"தொட்டியில ரெண்டு ஒயர் தொங்கும். தண்ணி ரெண்டையும் தொட்டா, அது வழியா வரும். உடனே பஸ்ஸர் அலறும். நீ மோட்டாரை நிறுத்திடலாம்."

"நானா?"

"சமையல்கட்டுல நீதானே இருப்பே?"

அவள் கோபப்படவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"தொட்டி நிறையத் தண்ணி வேணுமா, லேசா ஈரம் பட்டாலே போதுமா?"

"ஈரமே போதும்! அதானே டிரான்சிஸ்டரோட மகிமை!"

"ஷாக் அடிக்காதே?"

"சின்ன பேட்டரிதானே? பச்சைக் குழந்தைகூடத் தொடலாம்!" என்று மார்தட்டினேன்.

ஞாயிறு வந்தது. சாப்பிட்டேன். படுத்தேன். கண் சொக்கியது.

கீஈஈஈ!

காதுக்குள்ளேயே அலறல். அலறியடித்து எழுந்தேன். தலையணைக்கு அடியில் என் பஸ்ஸர்! அதிலிருந்து கிளம்பிய ஒயர் கட்டிலிலிருந்து இறங்கி, தரையில் கிடந்த குழந்தையின் துணிக்கு அடியில் போய் முடிந்தது. துணி சொதசொதவென்று நனைந்திருந்தது. மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி அநியாயம் இது?"

"நனைஞ்சது தெரியலேன்னு நீங்கதானே வாராவாரம் வருத்தப்பட்டீங்க?"

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. துணியை மாற்றினேன். வேறு வழி?

"அப்போ தொட்டி நிரம்பினா எப்படித் தெரியுமாம்?"

"அதுக்கெதுக்குங்க டிரான்சிஸ்டர்?" என்றபடி அவள் மோட்டாரைப் போட்டாள். "ஏணி இருக்கு. நீங்களும் முழிச்சுட்டீங்க."