துண்டு போன பஸ்

அழகுமலையின் துண்டு திருவான்மியூருக்குப் போய்விட்டது. அழகுமலை கோயம்பேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

தேனி பஸ் ஸ்டாண்டில் இப்படி நடக்காது. வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்திலேயே ஒற்றைத் துண்டை ஜன்னல் வழியாக வீசி மூன்று பேர் சீட்டைப் பிடித்தவர் அவர். துண்டு விழுந்தால் சீட்டு அவருடையது. அப்புறம் டீ குடித்துவிட்டு நிதானமாக ஏறலாம். "அழகுமலண்ணன் துண்டா?" என்று டிரைவரே காத்திருப்பார். சென்னை டிரைவருக்குத் துண்டைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இந்தப் பக்கத்துச் சீட்டெல்லாம் பொம்பளைக சீட்டுங்க," என்றாள் மனைவி சங்கிலியம்மாள்.

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"அங்கன எழுதியிருந்துச்சு."

"நீ என்னைக்குடி எழுத்துக் கூட்டிப் படிச்ச?"

"படமும் போட்டிருந்துச்சுங்க."

அழகுமலை பெருமூச்சு விட்டார். பாவம், சொந்த ஊர் அனுமந்தன்பட்டியை விட்டால் அவளுக்கு உலகம் தெரியாது. மாதம் ஒருமுறை மேகமலை எஸ்டேட்டில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கி வருவாள். அதற்கே உடம்பு வலி என்று படுத்துக்கொள்வாள். சின்னமனூரிலிருந்து மேலே ரோடு அப்படி.

மணி எட்டே முக்கால். பத்தரைக்குத் திருவான்மியூரில் மகள் நதியா வீட்டில் பேரனுக்குப் பேர் வைக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் அவள் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டபோது, "அவ வீட்டு வாசப்படிய நம்மாளுக யாரும் மிதிக்கக் கூடாது" என்று அழகுமலை ஓர் உத்தரவு போட்டிருந்தார். பேரன் பிறந்த பிறகுதான் அது தளர்ந்தது. போனில் நதியா ஒன்றே ஒன்று சொன்னாள்: "பத்தரைக்குள்ள நீங்க வரலேன்னா, இனி நான் கூப்பிட மாட்டேன்ப்பா."

அடுத்த பஸ் வந்தது.

"துண்டு லேசுல்ல, அதான் மதிக்க மாட்டேங்கிறாய்ங்க," என்று பையைத் தூக்கி உள்ளே எறிந்தார். பைக்குள் பேரனுக்கு வெள்ளிக் கொலுசு, இரண்டு கிலோ பன்னீர் திராட்சை, செல்போன், விலாசம் எழுதிய சீட்டு. பை சௌகரியமாக உட்கார்ந்து போனது. அழகுமலைக்குத்தான் படியில் கால் வைக்க இடம் கிடைக்கவில்லை.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லவா?"

"பேசாத. எனக்கு யோசனை ஓடுது."

யோசனை மூன்றாவது பஸ்ஸோடு வந்து சேர்ந்தது. பொருளைப் போட்டால்தானே மதிப்பில்லை, ஆளையே போட்டுவிட்டால்?

"நீ முன்னாடி ஏறி எடம் பிடி! நான் பின்னாடி ஏறிக்கிறேன்!"

சங்கிலியம்மாள் மறுபேச்சு பேசாமல் ஏறினாள். பின்வாசலில் காலேஜ் பையன்கள் கொத்தாகத் தொங்கினார்கள். எந்தப் பையனைப் பிடித்துத் தொங்குவது என்று அவர் தேர்ந்தெடுப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊத, பஸ் கிளம்பிவிட்டது.

ஜன்னலில் சங்கிலியம்மாளின் கை ஆடியது. "கடேசி ஸ்டாப்புல நிக்கிறேன்! அடுத்த வண்டில வாங்க!"

இரைச்சலில் அவருக்குக் கேட்டது "ங்க" மட்டும்தான். கதறுகிறாள் என்று அவருக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து ஓர் ஆட்டோவில் ஏறினார்.

"பொண்டாட்டி போற பஸ்ஸப் பிடிங்க!"

"நம்பர் இன்னா சார்?"

"நம்பரா? சங்கிலியம்மா!"

ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பினார். பிறகு, கண்ணில் பட்ட முதல் பஸ்ஸைத் துரத்தி ஒரு சிக்னலில் மடக்கிக் கொடுத்தார். அழகுமலை அதில் தாவி ஏறி, பெண்கள் சீட்டில் ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தார். நான்காவது முகம் செருப்பைக் கழற்றியது. அது தாம்பரம் பஸ். கண்டக்டர் அவரைக் கிண்டியில் இறக்கிவிட்டார், கொஞ்சம் வேகமாகவே.

துண்டு இல்லை, பை இல்லை, பெண்டாட்டி இல்லை. முதல் தடவையாக அழகுமலை எங்கேயும் இடம் பிடிக்காமல், கிடைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, திருவான்மியூர் வந்து சேர்ந்தார். மணி பத்தே கால்.

பஸ் நிலையத்து வாசலில் ஓர் ஆட்டோவுக்குள் சங்கிலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. தோளில் அவர் துண்டு.

"ரெண்டும் எனக்கு முந்தியே வந்து எறங்கியிருந்துச்சுங்க. டைம் கீப்பர்கிட்டக் கேட்டேன், எடுத்துக் குடுத்தாக."

அழகுமலை பையையும் அவள் தோளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். அதை மறைக்கக் குரலை உயர்த்தினார். "ரொம்பப் பயந்துட்டியா?"

"ஆமாங்க."

துண்டை வாங்கித் தன் தோளில் போட்டதும் அவருக்குப் பழைய தைரியம் திரும்பிவிட்டது. ஏறி உட்கார்ந்தார். "இனிமே எங் கைய விடாத. இது மெட்ராஸு. ஒந் தங்கச்சி இருக்குற மேகமல இல்ல."

"சரிங்க."

ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மாசாமாசம் தனியா டாண்ணு வந்துடுவ, இன்னிக்கு இம்மா லேட்டு? நதியா பாப்பா ரெண்டு தபா ஸ்டாண்டாண்ட வந்து பாத்துட்டுப் போச்சு. ஆமா, யாரும்மா இவரு, ஊருக்குப் புச்சா?"