கூடை காலியான படலம்

விசைப்பலகையே வில்லாக, பத்து விரல்களே பாணங்களாக, தடித்த கண்ணாடிக்குள் விழிகள் தணலெனச் சிவக்கச் சுழல்நாற்காலிமேல் வீற்றிருந்தான், சோடாபுட்டி என்னும் பட்டப்பெயர் தாங்கிய கணினி நிரலாளன். வாழ்க அவன் வீரம்! வாழ்க அவன் முதுகுவலி! பிழை பொறுக்கும் தெய்வங்கள் எம் நாவிலும், பிழை பிடிக்கும் தெய்வங்கள் அவன் திரையிலும் வந்தமர்க. முன்னவை வந்துவிட்டன.

பகை யாதெனின், செருப்புக்கடை ஒன்றின் இணையதளத்தில் 'வாங்கு' என்று அழுத்தியதும், தேர்ந்தெடுத்த செருப்பெல்லாம் மாயமாகிக் கூடை காலியாவது. மேலாளர் எனும் வேந்தர் கண்ணாடிக் கதவு திறந்து முழங்கினார்: "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா, நீங்க சனிக்கிழமை வந்து உக்காரணும்." சனிக்கிழமையோ, யானை காட்டுவதாக மகளுக்கு அவன் வாக்களித்த நாள். ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போட்ட வாக்கு.

சினந்தெழுந்து, 'கூடை' என்ற ஒற்றைச் சொல்லைத் தேடற்கட்டத்துள் எய்தான். எய்தலும், அணையுடைத்த வெள்ளமென ஆயிரமாயிரம் நிரல்வரிகள் ஆர்ப்பரித்துத் திரை நிறைக்க, ஐயத்துக்குரிய வரிதோறும் 'இங்கே வந்தேன்' என்று அச்சிடும் ஒற்றர்வரி ஒன்றை நட்டு, தளத்தை ஓட்டினான். ஓர் ஒற்றனும் வாய் திறக்கவில்லை. 'இங்கேயாவது வந்தேனா' என்று நட்டான், அதற்கும் மௌனமே. அவனினும் இளையவளான எதிர்மேசைப் பெண், தான் ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டாள். மலைக்கு முட்டுக்கொடுக்க வந்த கொசுவைப் பார்ப்பதுபோல் முறுவலித்து மறுத்தான். பின் வெகுண்டு, கோப்பு ஒன்றை முழுவதுமாகத் துடைத்தெறிந்தான். அப்போதும் தளம் அசையாமல் ஓடியது. சந்தேகம் வரவேண்டிய இடத்தில் அவனுக்குப் பெருமிதம் வந்தது. எவ்வளவு உறுதியாக எழுதியிருக்கிறோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

பொழுது சாய, மின்விசிறிகள் ஒவ்வொன்றாய் ஓய, பையைத் தோளில் ஏற்றிப் புறப்பட்ட எதிர்மேசைப் பெண் அவன் பின்னால் ஒரு கணம் நின்றாள்.

"அண்ணா, நீங்க காலையிலேருந்து திருத்திட்டிருக்கிற இந்த 'புதியது'ங்கிற ஃபோல்டர் போன வருஷம் நீங்க எடுத்து வச்ச காப்பி. இப்ப ஓடுறது 'உண்மையான கடைசி'ங்கிற ஃபோல்டர்ல இருக்கு."

இடி விழுந்ததோ, இமயம் சரிந்ததோ, அண்டமுகடு பிளந்ததோ என எட்டுத்திக்கும் திகைத்து நிற்க, பகலெல்லாம் ஆளில்லாக் கோட்டையை முற்றுகையிட்ட அம்மாவீரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்து மாட்டியபின்னும் ஃபோல்டரின் பெயர் மாறவில்லை. மேலாளர் அறையில் விளக்கு அணைந்தது.

சனிக்கிழமை அம்மாவும் மகளும் மட்டும் போய் யானை பார்த்துவிட்டு வந்தார்கள்.