பன்னிரண்டு ஆணி முக்காலி

அகதிகளுக்கு உலகம் செய்த உதவிகளை எல்லாம் ஒரு தட்டிலும், திருப்பதி தோதாத்ரியின் சேவையை மறுதட்டிலும் வைத்தால், தோதாத்ரியின் தட்டுதான் தரையைத் தொடும். பல்கலைக்கழகத் தேர்வுத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர் அவர். சித்தூரில் மூடிக்கிடந்த மாங்கூழ் ஆலை ஒன்றில் இலங்கைக் குடும்பங்கள் சில வந்து தங்கியதும், அவர்களுக்குத் தச்சுவேலை கற்றுத்தரத் தாமாகவே முன்வந்தார். அவருக்குத் தச்சுவேலை தெரியாது என்பது அவருடைய 'தன்னார்வ'த்துக்குக் கூடுதல் பெருமை. தெரிந்ததைச் சொல்லித்தர யாராலும் முடியும்.

முதல் வாரம், 'சுத்தியல்: ஓர் அறிமுகம்'. இரண்டாம் வாரம், 'சுத்தியலைப் பிடித்தல்'. மூன்றாம் வாரம் ஆசிரியரின் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்ததால், 'முதலுதவி'.

மன்னாரிலிருந்து வந்த சூசைதாசன்தான் வகுப்பிலேயே பின்தங்கியவர். எதையும் குறிப்பெடுக்க மாட்டார்.

"முன்ன என்ன தொழில்?" என்றார் தோதாத்ரி.

"வள்ளம் கட்டுறது ஐயா. நாங்கள் கடல் தாண்டி வந்ததும் நான் கட்டின வள்ளத்திலதான்."

"அதுக்கு சர்ட்டிபிகேட் இருக்கோ?"

"இல்லை ஐயா."

"அப்ப 'அனுபவம் இல்லை'ன்னு போட்டுக்கறேன்."

சூசைதாசனுக்கு வேண்டியதும் ஒரு சர்ட்டிபிகேட்தான். பேரும் முத்திரையும் உள்ள காகிதம் ஒன்று இருந்தால் திங்கட்கிழமையே வேலைக்கு வரலாம் என்று மரப்பட்டறை சலீம் சொல்லியிருந்தார். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டுமே! அந்தத் திங்கட்கிழமையை நம்பி வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தன.

தேர்வில் முக்காலி செய்யச் சொன்னார்கள். சூசைதாசனுடையதை தோதாத்ரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆணி எங்கே?"

"ஒண்டும் அடிக்கேல்லை ஐயா. பொருத்து நல்ல இறுக்கம்."

"பாடத்திட்டத்துல பன்னெண்டு ஆணின்னு இருக்கோல்லியோ? ஆணிக்கு அஞ்சு மார்க். அறுபது போச்சே!"

"வேணுமெண்டா இப்ப அடிச்சுத் தாறன் ஐயா."

"மணி அடிச்சப்புறம் திருத்தப்படாது."

நீதி தவறாத அந்தக் கை 'ஃபெயில்' என்று எழுதியது. மற்ற பதினொரு பேரும் பன்னிரண்டு பன்னிரண்டு ஆணிகளோடு தேறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சான்றிதழ் விழா. தேறிய முக்காலி ஒன்றில் தோதாத்ரி அமர்ந்தார். அது படுத்துக்கொண்டது. தேறிய இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். அதுவும் அப்படியே. அவசரத்துக்கு மூலையில் கிடந்த ஒன்றை இழுத்துப் போட்டார்கள். அதில் அமர்ந்து, இந்த மக்களுக்குத் தாம் அளித்த வாழ்வைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். முக்காலி அசையவில்லை.

விழாவுக்கு வந்திருந்த சலீம் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இத்த யாரு சார் செஞ்சது?"

"அதுவா? சூசைதாசன். ஃபெயிலான கேஸ். ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுதட்டும்."

"பாஸானவங்கள நீங்களே வெச்சிக்கினு இருங்க சார். இவரு ஃபெயிலுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் குடுங்க. எனக்கு அது போதும்."

தோதாத்ரி குத்தினார். சூசைதாசன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. 'தோல்வியின் வேதனை' என்று தோதாத்ரி ஆண்டறிக்கையில் பதிவு செய்திருக்கிறார்.

அடுத்த அணிக்கு வகுப்பு தொடங்கியாயிற்று. முதல் நாளே மாணவர்கள் அனைவரும் எழுந்து நின்று, ஒரே குரலில் விண்ணப்பித்தார்கள்:

"ஐயா, எங்களையும் ஃபெயிலாக்கி விடுங்கோ!"