சிலிக்காவின் மூக்கு

என் டைரியில் நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்குப் படப்பையில் கம்பெனி பஸ். 6.00க்கு ஒரகடம் தொழிற்சாலையில் ஸ்டோரைத் திறந்தேன். இருப்புச் சரிபார்ப்பு, டீ, விடாத மழை. 6.40க்கு, பெட்டி பிரிக்கும் வேலைக்கு சிலிக்கா வந்தார்.

ஈரத்துக்கு அவ்வளவு பயந்த மனிதர் இந்தத் தொழிற்பேட்டையில் வேறு யாரும் கிடையாது. உதிரிபாகப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சப் போட்டு வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துவைப்பார்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். சட்டைப்பையில் நான்கு, ஹெல்மெட்டுக்குள் இரண்டு. மகள் கல்யாணப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் ஒன்று.

எந்தக் காகிதத்தையும் முகர்ந்த பிறகே படிப்பார். சூப்பர்வைசர் வீட்டில் எழுதிவந்த லீவு லெட்டரை ஒருமுறை முகர்ந்துவிட்டு, "வூட்ல பீரோ செவுத்த ஒட்டிக் கீதா சார்?" என்றார். சூப்பர்வைசர் போய் பீரோவை நகர்த்தினால், பின்னால் சுவர் முழுக்கப் பச்சை.

இதற்கெல்லாம் சிரிப்போம். அவருடைய பழைய வேலையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் யாரும் சிரிக்கமாட்டோம். சென்னையில் ஒரு சுவடி நூலகத்தில் இருந்தாராம். ஒரு மழைக்காலம் பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்தபோது, புத்தகங்கள் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தனவாம். எழுத்தையெல்லாம் பூஞ்சை தின்றுவிட்டதாம். இதைச் சொல்லி முடித்ததும் போய்க் கை கழுவிக்கொள்வார்.

அன்று என் அலமாரி முன்னால் நின்றுவிட்டார்.

"உள்ள இன்னா வச்சிக்கிறீங்க சார்?"

பழைய ரெஜிஸ்டர் என்றேன்.

"யாரோ உள்ள குந்திக்கினு மூச்சு வுட்ற மாதிரி கீது."

அலமாரியைத் திறந்தேன். உள்ளே இருந்தது எங்கள் ஊர் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடு. கூரை ஒழுகியதால், செயலாளரான நான் பதினோரு நாள் முன்பு அதை எடுத்துவந்து, துருப்பிடிக்காமலிருக்க இரும்புத் தண்டுகளுக்குச் சுற்றும் உறையை மூன்று சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி வைத்திருந்தேன். பதிவேட்டுக்குள் ஏற்கெனவே இருந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறையைப் பிரித்தோம். ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி, வரிகளுக்கு நடுவே பச்சை ரோமம். பிறந்து மூன்று மாதத்தில் இறந்த என் தங்கையின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அந்தப் பதிவேடு. அவளுக்குப் புகைப்படம்கூடக் கிடையாது. துடைப்பதற்குக் கைக்குட்டையை எடுத்தேன். சிலிக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாதீங்க. மையும் கூடவே வந்துரும்."

அவள் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். தாள்கள் ஒட்டியிருக்கின்றன, இப்போது பிரித்தால் கிழியும் என்று மறுத்துவிட்டார்.

ஷிப்ட் முடிந்ததும் நேராகப் படப்பையில் அவர் மனைவியின் பெட்டிக்கடைக்குப் போனோம். ஐஸ்கிரீம் வைக்கும் ஃப்ரீசரைக் காலி செய்து, பதிவேட்டைக் கவரில் போட்டு உள்ளே கிடத்தினார்.

"நான் போண்டா சட்டியாண்ட வேவுறேன். நீ புக்குக்கு ஏசி போட்றியா?" என்றார் மனைவி.

"உசிரு போற கேசும்மே. ஐஸ்கிரீம அல்லாருக்கும் குடுத்துடு."

மொத்தம் இருபத்தாறு கப். மூன்றை நான் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. குளிரில் பூஞ்சை செத்துவிடுமா என்று கேட்டேன்.

"சாவாது சார். தூங்கும். நாம்பதான் தூங்கக் கூடாது."

நான் தூங்கவும் இல்லை. மூன்று வாரம் எந்தக் காகிதத்தைத் தொட்டாலும் அந்தப் பச்சைதான் கண்ணில் நின்றது.

மூன்றாவது ஞாயிறு பதிவேட்டை வெளியே எடுத்து, முகக்கவசம் போட்டு, மைஒற்றுத் தாளை இடையில் வைத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். நான்கு தாள்கள் போய்விட்டன. ஐந்தாவதில் தங்கையின் பெயர் இருந்தது, சுற்றிலும் ஒரு பழுப்பு வளையத்தோடு. சிலிக்கா அதை முகர்ந்து பார்த்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"இத்த உங்க டைரில வச்சிக்கங்க."

மறுநாள் காலை 4.25. எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், டைரியைத் திறந்து அவரைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்தேன்.