ஊருக்கு எத்தனை மார்க்?

"அறுபத்தாறா?" என்று போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டார் பட்டாபிராமன். "நூத்துக்கா?"

"நூத்துக்குத்தாம்ப்பா," என்றான் படூரிலிருந்து மகன் கிச்சா. "ஒவ்வொரு ஊரும் எவ்வளவு பாதுகாப்புன்னு காட்டற சைட்டு. அதுல மகாபலிபுரத்துக்கு அறுபத்தாறு. பார்த்ததும் எனக்குப் பகீர்னு ஆயிடுத்து."

"எவன் போட்டான்?"

"போட்டது ஒரே ஒருத்தர்தான். பேர் இல்ல. ஆனா உங்க ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டு இனிமே என்னால தூங்க முடியாது. எல்லாரும் ஒரே வீடா இருந்துடலாம்னு ஹம்சினியும் சொல்றா. ஆபீஸ்ல ஏதோ பர்மிஷன் கேட்டிருக்கா, அது வந்ததும்..."

"படூர் பேச்சை எடுக்காதே!" என்று போனை வைத்துவிட்டார்.

எதிராளி முடிக்கும் முன் போனை வைப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு, விடை தெரிந்தபின் மீதியைக் கேட்கப் பொறுமை கிடையாது.

படூர் என்றால் அவருக்குப் பயம். அதை அவர் வெளியில் சொன்னதில்லை. ஒருமுறை மகனின் ஒன்பதாவது மாடி ஃபிளாட்டில் நான்கு நாள் தங்கினார். கீழே பால் வாங்கப் போய்த் திரும்பும்போதெல்லாம் வாசல் காவலாளி நோட்டில் கையெழுத்து வாங்கினான். நாலாம் நாள் அந்த நோட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். 'வந்த காரணம்: டெலிவரி' என்று நாலு நாளும் எழுதியிருந்தது. அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார்.

இப்போது அவரை அங்கே நிரந்தர டெலிவரியாக அனுப்பப் பார்க்கிறது ஒரு அறுபத்தாறு.

வாசலில் பூட்டாமல் நின்ற சைக்கிளை எடுத்தார். நேரே மோசஸின் ஜெராக்ஸ் கடை. மோசஸ் அவருடைய பழைய மாணவன். ஆதார் திருத்தம், மின்கட்டணம், தேர்வு முடிவு எல்லாம் ஊருக்கு அவன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வந்து சேரும்.

"இன்னா சார், காலங்காத்தால வேர்த்து ஊத்துது?"

"நம்ம ஊருக்கு எவனோ அறுபத்தாறு போட்டிருக்கான். யாருன்னு பாரு."

மோசஸ் தேடிப் பார்த்தான். பக்கம் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். நடுவில் வட்டத்துக்குள் சிவப்பாக அறுபத்தாறு.

"ஆமா சார், கீது. ஆனா யாருன்னு காட்டாது சார். யாரு வேணா மார்க் போடலாம் போல. பதினஞ்சு கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் ஜீரோலேர்ந்து நூறு வரைக்கும் இழுத்து வுடணும்."

"முதல் கேள்வி என்ன?"

"பகல்ல தனியா நடந்து போறது எவ்ளோ சேஃப்னு கேக்கறான்."

"நூறு போடு."

மோசஸ் திரும்பிப் பார்த்தான். பெருமாளே வந்து கணக்குப் போட்டாலும் ஸ்டெப் விட்டுப்போச்சு என்று ரெண்டு மார்க் குறைப்பவர் என்று பெயர் வாங்கிய மனுஷர். அவர் வாயிலிருந்து நூறு என்ற எண் வந்து மோசஸ் கேட்டதே இல்லை.

"மிச்சக் கேள்வியெல்லாம் படிக்கட்டுமா சார்?"

"எல்லாம் அதே மாதிரிதான் இருக்கும். பதினஞ்சுக்கும் நூறு போடு."

கேள்வியை முழுசாகப் படிக்காமல் விடை எழுதியதற்காக இதே மோசஸை அவர் எத்தனையோ முறை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார். மோசஸ் அதை ஞாபகப்படுத்த நினைத்தான். பிறகு தைரியம் வராமல் பதினைந்து கோட்டையும் வலது ஓரத்துக்கு இழுத்துவிட்டான்.

ஒருத்தர் ரெண்டு பேரால் இது ஆகாது என்று பட்டாபிராமனுக்குத் தோன்றியது. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி தட்டினார்: 'கீழே உள்ள பக்கத்தில் நம் ஊருக்கு எல்லாக் கேள்விக்கும் நூற்றுக்கு நூறு போடவும். யோசிக்க வேண்டாம். உடனே.'

அவரிடம் படித்தவர்கள் யோசிக்க வேண்டாம் என்று சொன்னால் யோசிக்காதவர்கள். உடனே என்றால் உடனே.

மறுநாள் காலை மோசஸ் கடையில் எண் மாறியிருந்தது. தொண்ணூற்றாறு. மார்க் போட்டவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். மாநிலத்திலேயே முதலிடம்.

"நாலு மார்க் எங்கே போச்சு? எவனோ கவனக்குறைவா இழுத்திருக்கான்," என்று குறைப்பட்டுக்கொண்டே, கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து மோசஸிடம் நீட்டினார். வாத்தியார் கையால் இனிப்பு சாப்பிடுவது மோசஸுக்கு அதுவே முதல் தடவை. பாதி வாயில் இருக்கும்போது அவன் கண் திரையில் நின்றுவிட்டது.

"சார்... ரெண்டாவது கேள்வி இன்னான்னா... வூட்ல திருடன் பூந்துடுவான்னு எவ்ளோ பயம்னு கேட்டுகினு கீறான் சார்."

"அதுக்கு?"

"நாம நூறு போட்டுட்டோம் சார். அடுத்தது வழிப்பறி பயம். அப்புறம் வண்டி திருட்டு. வட்டத்துல கீறது பாஸ் மார்க் இல்ல சார். அது குற்றத்தோட அளவு. ஏற ஏற நமக்குத்தான் பேஜாரு."

பட்டாபிராமன் ஸ்டூலில் உட்கார்ந்தார். நூற்று நாற்பத்திரண்டு பேர், அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, தங்கள் ஊரில் காலை எடுத்து வெளியில் வைத்தால் கொள்ளைதான் என்று ஒருமுகமாகச் சாட்சி சொல்லியிருந்தார்கள்.

போன் அடித்தது.

"அப்பா! தொண்ணூத்தாறு!" கிச்சாவின் குரல் நடுங்கியது. "ஒரே ராத்திரியில என்னப்பா ஆச்சு அங்க? இனிமே பேச்சே கிடையாது. ஞாயித்துக்கிழமை காலைல வேனோட வர்றோம். ஹம்சினிக்கும் ஆபீஸ்ல உடனே..."

"நான் வரமாட்டேன்!" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி சாவித்ரி நடு அறையில் பரணிலிருந்து பழைய விடைத்தாள் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"ரூமைக் காலி பண்றேன். வேன் வந்தப்பறமா பண்ண முடியும்? கிச்சா எனக்கும் போன் பண்ணினான்."

"நீயும் அவன் பக்கமா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

"எனக்கு ரொம்ப சந்தோஷம். நீங்க ஏன் இப்படி..."

அவளையும் முடிக்கவிடவில்லை. வாசலுக்கு வந்து நின்றார். கடற்காற்று வழக்கம்போல் வீசியது. இந்த வீட்டை விட்டுப் போவதை நினைத்தால் அவருக்கு அழுகை வரும் போலிருந்தது.

அழுவதற்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் தொண்ணூற்றாறைக் கீழே இறக்க வேண்டும். போட்டவர்களையே மறுபடி ஜீரோ போடச் சொல்லலாம் என்றால், ஒரு போனிலிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் போட முடியும் என்று மோசஸ் சொல்லிவிட்டான். புது ஆட்கள் வேண்டும்.

புதன்கிழமை ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது.

அவர் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் வெங்கடேசன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பட்டாபிராமன் முன்பு சிங்கப்பெருமாள் கோயில் பள்ளியில் வேலை பார்த்தபோது அவரிடம் படித்தவர்.

"சார், மேலிடத்துலேர்ந்து போன் மேல போன். மாநிலத்துலயே முதலிடமாமே, நீ அங்க என்னய்யா பண்றேன்னு கேக்கறாங்க. இந்த வருஷம் நம்மகிட்ட வந்த புகார் என்ன தெரியுமா? கோயில் வாசல்ல செருப்பு காணோம், அது ஒண்ணு. சிற்பக் கூடத்துல கல் யானை காணோம்னு ஒண்ணு. அது தார்ப்பாய்க்கு அடியிலயே இருந்துச்சு."

"தப்பு என்னோடதுதான் வெங்கடேசா. நான் கேள்வியைப் படிக்கல."

"நானும் படிக்கல சார்," என்றார் வெங்கடேசன் தலையைக் குனிந்துகொண்டு. "அந்தக் க்ரூப்புல நானும் இருக்கேன். நீங்க சொன்னீங்கன்னு நானும் பதினஞ்சு நூறு போட்டுட்டேன். போலீஸ் லஞ்சம் வாங்குதான்னு ஒரு கேள்வி இருந்திருக்கு. அதுக்கும் சேர்த்து."

வெங்கடேசன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நிஜமா ஆபத்துன்னா இங்க கடல்தான் சார். இறங்காதீங்கன்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு. அதப் பத்தி அந்தப் பதினஞ்சுல ஒரு கேள்வி இருக்கா பாருங்க."

அன்று மாலையே மேலிடத்து உத்தரவுப்படி வெளியூரிலிருந்து சிறப்பு ரோந்துப் படை வந்து இறங்கியது. பஸ் நிலையத்தில் தடுப்பு வைத்தார்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். காரணமில்லாமல் இவ்வளவு போலீஸ் வராது என்று ஊர் முடிவு செய்தது. அதுவரை கொக்கி மட்டும் போட்ட வீடுகளில் பூட்டு தொங்கியது. கடைக்காரர்கள் விளக்கேற்றும் முன்பே ஷட்டரை இறக்கினார்கள். ஐந்து வருஷம் முன்பு தொலைந்த தவலை கூடத் திருட்டுப் போனதாக ஒரு வீட்டில் சந்தேகம் கிளம்பியது.

வியாழக்கிழமை மோசஸ் கடை வாசலில் வைத்திருந்த பட்டாபிராமனின் சைக்கிளைக் காணவில்லை.

"முப்பது வருஷமாப் பூட்டாம வெச்ச சைக்கிள் மோசஸ்!"

"சார், ரோந்து ஜீப்பு தூக்கிகினு போச்சு சார். கேப்பாரில்லாம நிக்குதாம். பாதுகாப்புக்காம்."

அது போதாதென்று, பாதுகாப்பு நிலவரம் எப்படி என்று ரோந்துக்காரர்கள் வீடு வீடாகக் கேட்டதில், பயந்துபோன இன்னும் முப்பது பேர் தாங்களாகவே தேடிப் போய் மார்க் போட்டிருந்தார்கள். தொண்ணூற்றாறு தொண்ணூற்றேழானது.

வெங்கடேசனே வழி சொன்னார். "மைக் வெச்சு சொல்லிடலாம் சார். நீங்களே எழுதிக் குடுங்க. நீங்க சொன்னாதான் நம்ம ஆளுங்க கேப்பாங்க."

வெள்ளிக்கிழமை காலை பூபாலனின் ஆட்டோ ஒலிபெருக்கியோடு கிளம்பியது. வாசகம் பட்டாபிராமன் எழுதியது. குரல் பூபாலன்.

"அன்பார்ந்த பொதுமக்களே! மொத கேள்விக்கு நூறு! ராத்திரி நடக்கறது சேஃபான்னு கேக்கற கேள்விக்கும் நூறு! மிச்சம் பதிமூணுக்கும் ஜீரோ! கேள்விய முழுசா படிச்சுட்டு ஜீரோ போடுங்க!"

முதலில் ஊர் நம்பவில்லை. பட்டாபிராமன் சார் ஜீரோ போடச் சொல்கிறார் என்றதும் நம்பியது. அதுதான் அவர் வழக்கம். வீட்டில் கிடந்த பழைய போன்கள் எல்லாம் சார்ஜில் ஏறின. மீன் ஏலத்துக்கு வந்தவர்கள், சர்ச்சிலிருந்து வெளியே வந்தவர்கள், சிற்பிகள், சங்கு மாலை விற்பவர்கள் என்று எல்லோரும் மோசஸ் கடையில் வரிசை கட்டினார்கள். ரோந்துப் படையில் நான்கு பேரும் வரிசையில் நின்றார்கள்.

வெள்ளி மாலை தொண்ணூறு. சனிக்கிழமை எண்பத்திரண்டு. ஞாயிறு காலை எட்டு மணிக்கு எழுபத்தொன்று.

சைக்கிளும் திரும்பி வந்துவிட்டது. பட்டாபிராமன் வெளுத்த வேஷ்டி கட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் ஐம்பதுக்கு இறங்கிவிடும் என்று மோசஸ் கணக்குச் சொல்லியிருந்தான். அதைக் கிச்சாவின் முகத்துக்கு நேரே காட்டி, வந்த வேனைக் காலியாகவே திருப்பி அனுப்புவதாகத் திட்டம்.

ஒன்பது மணிக்கு வேன் வந்தது. ஆனால் காலியாக வரவில்லை.

கட்டில் இருந்தது. வாஷிங் மெஷின் இருந்தது. பேரன் ஸ்ரேயாஸின் மூன்று சக்கர சைக்கிள் கயிற்றில் தொங்கியது. முன் சீட்டில் மருமகள் ஹம்சினி, மடியில் ஒரு கம்ப்யூட்டர் திரையைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதென்னடா?" என்றார் பட்டாபிராமன்.

"என்னப்பா இதென்ன? ஒரே வீடா இருந்துடலாம்னு சொன்னேனே? அம்மா ரூம் காலி பண்ணிட்டாளோன்னோ?"

"படூருக்கு நாங்கன்னு நெனச்சேன்."

"நான் எங்கப்பா படூர்னு சொன்னேன்? நீங்கதான் சொல்லிச் சொல்லி போனை வெச்சேள். உங்களை அங்க இழுத்துண்டு போக யாரால முடியும்? நாங்கதான் இங்க வரணும். தினம் ரெண்டு மணி நேரம் ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல போயிண்டிருந்தா அவளும். நல்ல வேளையா அவ ஆபீஸ்ல ஒரு ரூல் இருக்கு. அந்த சைட்டுல அறுபத்தஞ்சுக்கு மேல இருக்கற ஊர்னா ராத்திரி ஷிஃப்டுக்கு வரவே வேண்டாம், வீட்டுலேர்ந்தே வேலை பாக்கலாம். தொண்ணூத்தாறுன்னதும் அன்னிக்கே பர்மிஷன் குடுத்துட்டா."

போக வேண்டாம். எங்கேயும் போக வேண்டாம். பட்டாபிராமன் பேரனைத் தூக்கிக்கொண்டார். சாவித்ரி உள்ளே காபிக்குப் பால் வைக்க ஓடினாள்.

"இனிமே நீ ஒண்ணும் பயப்படாதேம்மா," என்றார் ஹம்சினியிடம், பெருமை தாங்காமல். "இப்ப எழுபத்தொண்ணுக்கு இறக்கிட்டேன். சாயங்காலத்துக்குள்ள அம்பது."

தெருமுனையில் பூபாலனின் ஆட்டோ திரும்பியது. மிச்சம் பதிமூணுக்கும் ஜீரோ என்று முழங்கிக்கொண்டே அது நெருங்கி வந்தது.

ஹம்சினி திரையைக் கீழே வைத்தாள். கிச்சா கேட்காத தூரத்துக்கு மாமனாரை இழுத்துப் போனாள்.

"ஐயோ அப்பா, முதல்ல அந்த ஆட்டோவை நிறுத்துங்கோ! ஒரேடியா நூறு போட்டா ஆபீஸ்ல நம்பமாட்டாளேன்னுதான் நானே அளந்து அளந்து அந்த முதல் அறுபத்தாறைப் போட்டேன்!"