பதினொரு பேர் குடித்த அன்னாசித் தேநீர்

ஒரு மனிதன் தன் ஆயுளில் எத்தனை பேருடைய வயிற்றைக் கெடுக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நான் பதினொரு பேரோடு நிறுத்திக்கொண்டேன். என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு. அத்தனையும் ஒரே நாளில், ஒரே அண்டாவிலிருந்து நடந்தது.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. கோவில்பட்டியில் ஒரு தேயிலைக் கம்பெனியின் டிப்போவில் விற்பனையாளனாக இருந்தேன். சைக்கிள் கேரியரில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் கயத்தாறு வரைக்கும், இந்தப் பக்கம் எப்போதும்வென்றான் வரைக்கும் கடை கடையாகப் போவேன். (எப்போதும்வென்றானில் நான் ஒரு தடவைகூட வென்றதில்லை.) சித்திரை பிறந்துவிட்டால் கரிசல் காட்டில் தேயிலையை ஏறிட்டுப் பார்க்க ஆள் கிடையாது. பதநீர், நுங்கு, நன்னாரி சர்பத், கோலி சோடா என்று ஊரே குளிர்ச்சியைத் தேடி அலையும்போது, கொதிக்கக் கொதிக்க ஒன்றைக் குடியுங்கள் என்று சொல்கிறவனை யார் மதிப்பார்கள்?

அந்தச் சித்திரையில் சென்னையிலிருந்து எங்கள் மேனேஜர் வந்தார். தேநீரைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். கரண்டியில் எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பிறகு எச்சில் படிக்கத்தில் துப்பிவிட வேண்டும். தொழில் தெரிந்தவன் விழுங்க மாட்டான் என்றார். இந்த வாக்கியத்தை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டில் கோடைக்குத் தேநீரில் ஐஸ் போட்டுப் பழச்சாறு சேர்த்துக் குடிக்கிறார்களாம். வைகாசியில் எங்கள் ஊரில் நடக்கும் ஹாக்கிப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குத் தாம் வருவதாகவும், ஆட்டம் முடிந்ததும் கூட்டத்துக்கு அப்படி ஒரு பானத்தை இலவசமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். மக்களுக்குப் பிடித்துவிட்டால் என்னை இன்ஸ்பெக்டராக்கச் சிபாரிசு செய்வார். தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது.

நான் அப்போது பேச்சி அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் கோமதிநாயகம் மில்லில் பிட்டர். அதைவிடப் பெரிய அடையாளம், எங்கள் ஊர் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். நாளொன்றுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர்.

அக்காவின் அடுப்பங்கரையில் என் ஆராய்ச்சி தொடங்கியது. முதல் தவறு பால். பால் கலந்த தேநீரை ஆறவைத்து அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சமையலறைப் பக்கம் ஒரு நாளாவது போனவனுக்கு அது என்ன ஆகும் என்று தெரிந்திருக்கும். அக்கா தம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மாட்டுக்கு வைக்கலாமா என்று மாட்டைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். பாலை விட்டேன். மாம்பழம் போட்டேன், கூழாயிற்று. நெல்லிக்காயையும் தேயிலையையும் இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்தேன்; மையாயிற்று. (சும்மா சொல்லவில்லை. பேனாவில் ஊற்றிப் பார்த்தேன், எழுதியது.)

ஒவ்வொரு நாளும் மில்லிலிருந்து வந்ததும் அத்தானிடம் ஒரு தம்ளரை நீட்டுவேன். வாங்கிக் குடித்துவிட்டு, "குடிச்சாச்சு" என்பார். நல்லதா கெட்டதா என்று அதற்கு மேல் ஒரு சொல் வராது. அந்த மையையும் அவர் குடித்தார். அக்காவின் தம்பி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

கடைசியில் அன்னாசிப்பழம் கைகொடுத்தது. தேயிலையின் துவர்ப்போடு அது பொருந்தி வந்தது. ஆனால் எங்கள் ஊரில் அன்னாசி கிடைப்பது அபூர்வம். மதுரைக்கு ரயிலேறிப் போய் ஒரு கூடை வாங்கிவந்தேன். இன்னொரு சிக்கல் தண்ணீர். தெருக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் தேயிலை போட்டால் மேலே ஆடைபோல ஏதோ படரும், நிறமும் சேறாகிவிடும். ஐஸ் தூத்துக்குடியிலிருந்துதான் வரவேண்டும். அங்கே குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தது. அப்படியானால் ஐஸ் உருகினால் கிடைப்பது ஆற்றுத் தண்ணீர்தானே? அதையே காய்ச்சித் தேயிலை போட்டால் என்ன? இந்த யோசனை வந்த அன்று என்னைவிட அறிவாளி அந்த வட்டாரத்தில் இல்லை என்று நினைத்தேன்.

ஒரே பயம், தூத்துக்குடி ஐஸ் மீனுக்காகச் செய்வது. அதைக் கட்டி அனுப்பும் சாக்குகளில் மீன் வாடை இருக்கும். ஆகவே சாக்கை நானே அனுப்பிவைப்பது என்று முடிவுசெய்து கடைத்தெருவில் மூட்டை வியாபாரம் செய்த காதர் பாயின் கிட்டங்கிக்கு, அதாவது சரக்குக் கிடங்குக்குப் போனேன். பாய் அன்று ஊரில் இல்லை. கணக்கப்பிள்ளை நாலு காலிச் சாக்கை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் முகத்தில் வைத்து மோந்து பார்த்தேன். மீன் வாடை துளியும் இல்லை. நன்றாக உலர்ந்த இலை வாசம். தேயிலைக்காரனுக்கு இலை வாசம் பிடிக்காமல் போகுமா?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காதர் பாய் முக்கியமாக வியாபாரம் செய்தது நிலாவாரை. எங்கள் பக்கத்து மானாவாரிக் காட்டில் விளைகிற செடி அது. அதன் இலையை உலர்த்தி மூட்டைபோட்டுத் தூத்துக்குடியில் கப்பலேற்றுவார்கள். சீமையில் பேதி மருந்துக்கு வாங்குகிறார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சாக்கை மோந்து பார்த்தபோது மட்டும் தெரியவில்லை.

இறுதி ஆட்டத்தன்று விடியற்காலை மணியாச்சி வழியாக வந்த வண்டியில், நான் அனுப்பிய சாக்குகளிலேயே ஐஸ் வந்து இறங்கியது. ஒரு சொட்டும் வீணாகக்கூடாது என்று இரண்டு மூட்டையைச் சாக்கோடு அண்டாவுக்குள் இறக்கிவைத்தேன். உருகிய தண்ணீரில் இலைத்தூள் கைப்பிடி கைப்பிடியாக மிதந்தது. சாக்குத் தூசி என்று நினைத்து, வேட்டியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் காய்ச்சித் தேயிலை போட்டேன். அன்னாசியை நசுக்கிப் பிழிந்து, சர்க்கரை சேர்த்து, மிச்சமிருந்த ஐஸை உடைத்துப் போட்டேன். நிறம் அருமையாக வந்தது. உறிஞ்சினேன், உருட்டினேன், துப்பினேன். லேசான கசப்பு. உயர்ந்த தேயிலையின் கசப்பு என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்தேன்.

காலை ஏழு மணிக்குப் பயிற்சி முடிந்து களைத்து நின்ற பதினொரு பேருக்கும் ஆளுக்கு இரண்டு தம்ளர் கொடுத்தேன். ஊரில் யாரும் குடிப்பதற்கு முன்னால் நம் அணி குடிக்க வேண்டும் என்கிற பாசம்தான். சென்டர் பார்வர்டு கொஞ்சம் கசக்கிறது என்றார். நானே குடித்துப் பார்த்ததுதான் என்று சொல்லி, அவருக்குத் தேயிலையின் தரம் பற்றி விளக்கினேன். அத்தான், "குடிச்சாச்சு" என்றார். அணியின் செயலாளர் டிரில் மாஸ்டர் ஞானமுத்து காப்பி தவிர எதையும் தொடாதவர், அவர் தப்பினார். மீதியைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, ஐஸும் உமியும் வைத்து அதே சாக்கால் சுற்றி மைதானத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

நாலரை மணிக்கு ஆட்டம். எதிரணி மதுரையிலிருந்து வந்தது. தொடங்கிப் பத்து நிமிஷம் எங்கள் பக்கம்தான் பந்து. இடது ஓரத்து ஆட்டக்காரர் பந்தை எடுத்துக்கொண்டு பறந்தார். திடீரென்று பந்தை விட்டுவிட்டு ஓடினார். கோட்டைத் தாண்டியும் ஓடினார். மைதானத்துக்கு அப்பால் இருந்த உடைமரக் காட்டுக்குள் அவர் மறைந்த பிறகும் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. புது உத்தி என்று நினைத்துவிட்டார்கள். அடுத்து சென்டர் ஹாப். பிறகு இரண்டு பேர் சேர்ந்து. மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. போனவர் திரும்பி வருவார். வந்தவர் மறுபடி போவார். இடைவேளைக்கு முன்னால் ஒரு கட்டத்தில் எங்கள் அணியில் ஐந்து பேர்தான் களத்தில் நின்றார்கள்.

அத்தான் மட்டும் போகவில்லை. கால் முழுக்கப் பட்டையும் வாருமாகக் கட்டியிருந்ததை அவிழ்க்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆகும் என்பது ஒரு காரணம். அதைவிட, கோலை விட்டுப் போகிற மனிதர் இல்லை அவர். வேர்த்து வெளிறிப்போய், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை நின்றார். எப்படி நின்றார் என்பதை நான் எழுதப்போவதில்லை. பத்துக்கு மேல் போயிருக்க வேண்டிய கோல் நாலோடு நின்றது என்றால் அது அவரால்தான். ஆனாலும் தோல்வி தோல்விதான். எத்தனையோ வருஷம் முயன்று அந்த ஊர் அணி எட்டிய முதல் இறுதி ஆட்டம் அது.

விசில் ஊதி முடித்ததும் டிரில் மாஸ்டர் என்னிடம் வந்தார். பின்னால் ஊரே வந்தது. அவர் சத்தம் போடவில்லை. அணி அன்று பொதுவாகக் குடித்தது என்னுடைய பானம் மட்டும்தான் என்பதை எடுத்துச் சொன்னார். பிறகு கேட்டார்.

"நீயும் குடிச்சதா காலையில சொன்னியேப்பா. ஒனக்கு மட்டும் எப்படி ஒண்ணும் செய்யல?"

"நான் துப்பிட்டேன் சார்."

உண்மையைத்தான் சொன்னேன். என் வாயிலிருந்து வந்த உண்மைகளிலேயே அத்தனை மோசமாக ஒலித்தது வேறில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவர், போன வாரம் இவன் மதுரைக்குப் போய்வந்தானே, எதற்கு என்று கேட்டார். அன்னாசிப்பழம் வாங்க என்றேன். அதை யாரும் நம்பவில்லை. எதிரணியிடம் கைநீட்டிவிட்டான் என்ற பேச்சு என் காதுபடவே ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போனது. மேனேஜரைத் தேடினேன். அவர் தம் தொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டிருந்தார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. வேலை போகட்டும், இந்த ஊரில் அக்கா தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். அத்தானை அந்த மில்லில் நாளைக்கு என்ன கேட்பார்கள்? பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன். ஒரு தம்ளர் மொண்டு குடித்தேன். விழுங்கினேன். இரண்டாவது, மூன்றாவது. சுத்தமான தேயிலை, சுத்தமான பழம், ஆற்றுத் தண்ணீர், இதில் ஒரு குற்றமும் கிடையாது என்று அந்த இருநூறு பேருக்கும் சொன்னேன்.

அப்போதுதான் ஆட்டம் பார்க்க வந்திருந்த காதர் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பாத்திரத்தைச் சுற்றியிருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தார். அதன் மூலையை உதறி, உள்ளங்கையில் விழுந்த தூளைக் கிள்ளி மோந்தார்.

"இது நம்ம கிட்டங்கிச் சாக்குல்லா தம்பி. நிலாவாரைச் சாக்கு. இதுலயா ஐஸக் கட்டுனீங்க?"

பதினொரு பேரும் குடித்தது காலை ஏழு மணிக்கு, ஓடத் தொடங்கியது சாயங்காலம் நாலரைக்கு மேல் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவர்கள் குடித்தது இரண்டு. நான் குடித்தது மூன்று. கையிலிருந்த தம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது, பார்த்தவர்களுக்குத் தெரியும். டிரில் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அத்தான் அதுவரை கோல் கம்பத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து, கால் கட்டுகளோடு மெல்ல நடந்து வந்தார். அவர் பேசியதை நான் ஒரு எழுத்து மாறாமல் சொல்வேன்.

"தெரிஞ்சு செஞ்சவன் மூணு தம்ளர் குடிக்க மாட்டான் சார். இவனுக்கு வெவரம் பத்தாது, அவ்வளவுதான். விடுங்க, வீட்டுக்குப் போணும்."

கூட்டம் கலைந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சிலர் மட்டும் போகிற போக்கில், ராத்திரி சோற்றை மட்டாகச் சாப்பிடும்படி எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

எட்டு மணி நேரம் கழித்து நடந்ததை அக்காவின் தெரு முழுக்க அறியும். மறுநாள் நான் சுருண்டு கிடந்தபோது அக்கா மோரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "கரைச்சிருக்கேன், குடி. கெணத்துத் தண்ணிதான்" என்றாள். கூடத்தில் இன்னொரு பாயில் அத்தான் படுத்திருந்தார். இரண்டு பேரும் ஓட்டுக்கூரையைப் பார்த்தபடி கிடந்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், பழம் நல்லா இருந்தது என்றார். என் பானங்களைப் பற்றி அவர் சொன்ன ஒரே விமர்சனம் அது.

இன்ஸ்பெக்டர் பதவி வரவில்லை. சாத்தூர் டிப்போவுக்கு மாற்றல்தான் வந்தது. அது நல்லதாகப் போயிற்று. சூடான தேயிலையைச் சூடாகவே விற்று, அங்கேயே கல்யாணம் செய்து பிழைத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. நான் கையில் எடுத்துக் கொடுக்கிற எதையும் நான் ஒரு வாய் குடித்துக் காட்டாமல் யாரும் தொடுவதில்லை. என் மகன் கல்யாணத்தில் சம்பந்திக்கு நான் காப்பி கொடுத்தபோதும் அத்தான் குறுக்கே கையை நீட்டி, "அவன் குடிக்கட்டும்" என்றார். சம்பந்தி வீட்டார் அதை எங்கள் குலவழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். என் பேத்திக்கு மூன்று வயதிலேயே இந்தச் சட்டம் தெரியும், காரணம் தெரியாது.

போன வருஷம் அத்தானுக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நான்காம் நாள் கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம் என்றார் நர்ஸ். தம்ளரை அவர் உதட்டருகே கொண்டுபோனேன். அவருக்குப் பேச்சு வரவில்லை. கையைத் தூக்கித் தம்ளரை மெல்ல என் பக்கம் தள்ளினார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்; சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

நான் ஒரு வாய் குடித்தேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அத்தான் வாயைத் திறந்தார்.