ஐம்பதாவது கை

மணி பத்தேகால். பதினோரு மணிக்குக் கூட்டம். வார்டு ஆபீஸ் ஹாலில் நாற்காலி அறுபது, ஆள் மூன்று. அதில் ஒருவர் மின்விசிறிக்கு நேர் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"இது மூணாவது தடவை," என்றார் அதிகாரி. "ஐம்பது பேர் சேரலைன்னா இன்னைக்கும் கூட்டம் செல்லாது. நோட்டீஸ் ஒட்டுறவன் ஒழுங்கா ஒட்டலைன்னு மேல எழுதிடுவேன். அப்புறம் உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

அதிகாரி மிரட்டியது பசையை. பதினாறு வருடம் வாளியும் பிரஷுமாக நோட்டீஸ் ஒட்டி, பெயரே பசை என்றாகிப் போனவர். எந்தச் சுவர் எவ்வளவு பசை குடிக்கும் என்று பார்த்தே சொல்லிவிடுவார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்ததில்லை. எழுத்து தலைகீழாக இல்லாவிட்டால் போதும்.

தெருவுக்கு ஓடினார். முதல் வீட்டு அக்கா, "உடம்பு சரியில்லப்பா," என்று சிரித்தபடியே கதவைச் சாத்தினார். அடுத்த வீட்டில் ஏணி உச்சியில் நின்று வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர், "முட்டி வலி, நடக்கவே முடியல," என்றார்.

ஆபீஸுக்கு எதிரே இருந்த சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கண்ணடித்தார். "கூப்பிட்டுட்டேல்ல? உன் கடமை முடிஞ்சுது. போய் நிழல்ல உக்காரு."

"யோவ், என் வேலையே போயிடும்யா!"

"எப்படிப் போகும்? நாங்கல்லாம் இல்ல?"

"இருக்கீங்கல்ல, வந்து தொலைங்களேன்!"

சலூன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பசை அங்கிருந்தே போட்ட சத்தத்தில் ஹாலில் குறட்டை நின்றது. "ஐயையோ, கூட்டம் இன்னைக்கா?" என்று பதறி எழுந்தவர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியே போனார். மிச்சம் இரண்டு பேர். மணி பத்து நாற்பது.

 பசை நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போய்க் கத்தினார்.

"இந்த ஸ்டாப்பை எடுக்கப் போறாங்க! வந்து கையைத் தூக்கினா நிறுத்திடலாம்!"

"எவன்டா எடுக்கிறது?"

மொத்தக் கும்பலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலுக்குள் புகுந்தது. அதிகாரி மேசைக்குப் பின்னால் ஒதுங்கினார். எண்ணிப் பார்த்தார்கள். நாற்பத்தொன்பது!

அதற்குள் வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. கும்பல் வாசலுக்குப் பாய்ந்தது. பசை கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றார். வியர்வை கண்ணில் இறங்கியது.

"இன்னும் ஒருத்தர் வேணுமே," என்றார் அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்தபடி.

"நான் இருக்கேன் சார்! நானும் இந்த வார்டுதான்!"

அதிகாரி தாளைப் பார்த்துக் கடகடவென்று ஒப்பித்தார். "தீர்மானம் எண் ஏழு. நோட்டீஸில் கண்டபடி. ஏற்பவர்கள் கை தூக்கலாம்."

பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நாற்பத்தொன்பது கை எழும்பியது. எல்லாவற்றுக்கும் மேலே பசை காய்ந்த ஐம்பதாவது கை.

"நிறைவேறியது."

பசைக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கதவைத் திறந்தார். கத்தியும் கையுமாக சலூன்காரர் நின்றார். பின்னால் பாதி முகம் சோப்பு நுரையோடு அவருடைய வாடிக்கையாளர்.

"பாத்தியா, நீ வரலைன்னா என்ன, ஐம்பது சேத்துட்டேன்ல!" என்றார் பசை.

சலூன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அட பாவி, நோட்டீஸ் ஒட்டுற வேலையே இனிமே வேண்டாம், எல்லாத்தையும் போன்லயே அனுப்பிக்கலாம்னுதான்யா அந்தத் தீர்மானம், நீ ஒட்டினதை வரி விடாம படிச்சிட்டு, ஐம்பது சேர்ந்துடக் கூடாதுன்னு தெருவே மூணு தடவையும் வீட்டை விட்டு நகரல!"